பழம்பொருளும் புதுச்சட்டமும்

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் முதன்மையான பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. அந்நாள் நெருங்க நெருங்க, அந்நாட்டுப் பழம்பொருள் அங்காடிகள் கலங்கின. குழந்தைகளின் மேலங்கிகளும் காலணிகளும் படப் புத்தகங்களும் மிதிவண்டிகளும் அலமாரிகளிலிருந்து இறங்கின. சில கடைகள் குழந்தைப் பிரிவையே மூடின. சில, உலோகப் பொத்தானும் ஜிப்பும் வைத்துத் தைத்தவற்றை மட்டும் ஒதுக்கின. வேறு சில, வருவது வரட்டும் என்று விற்பனையைத் தொடர்ந்தன. குழந்தைகளைக் காக்கவென இயற்றிய சட்டம், குளிர்காலத்தின் நடுவே, வறியோர் வீட்டுப் பிள்ளைக்கு மலிவாகக் கிடைத்துவந்த மேலங்கியைக் கடையிலிருந்து அகற்றியது.

பின்னர் அச்சட்டம் திருத்தம் பெற்றது. ஆயினும் அது எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை. புதுப் பொருளை எண்ணி எழுதும் பாதுகாப்பு விதி, ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குக் கைமாறும் பொருளை எவ்வாறு நடத்த வேண்டும்? அந்நாடு இதற்கு வெவ்வேறு காலத்தில் அளித்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை. அதனாலேயே அவை ஆராயத் தக்கவை.

சட்டம் பிறந்த சூழலை முதலிற் சொல்லிவிட வேண்டும். அதை மறைத்துவிட்டுச் சட்டத்தைக் குறைகூறுவது நேர்மையாகாது. 2006-ஆம் ஆண்டு மினியாபொலிஸ் நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், ரீபோக் காலணியோடு இலவசமாக வந்த கைச்சங்கிலியின் இதய வடிவத் தொங்கலை விழுங்கி இறந்தான். அத்தொங்கலைச் சோதித்தபோது அதில் 99 விழுக்காடு ஈயம் என்பது தெரியவந்தது. மூன்று லட்சம் கைச்சங்கிலிகள் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டில் ஈயச் சாயம் பூசிய பொம்மைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. ஜூன் மாதம் தாமஸ் என்னும் மரத் தொடர்வண்டி வரிசையில் ஏறத்தாழ 15 லட்சம். ஆகஸ்டில் மாட்டெல் குழுமத்தின் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகள் அமெரிக்காவில் மட்டும் 9 லட்சத்து 67 ஆயிரம். யாவும் சீனத்தில் செய்து கொண்டுவந்தவை. இவற்றையெல்லாம் கண்காணிக்க வேண்டிய நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமோ, 1980-இல் ஆயிரம் பேரை நெருங்கிய பணியாளரோடு இருந்தது, 2007-இல் நானூறு பேர் அளவுக்கு மெலிந்து கிடந்தது. பெற்றோரின் சினம் நியாயமானது. அச்சினத்தின் வேகத்தில் கீழவை 424-க்கு 1 என்றும், மேலவை 89-க்கு 3 என்றும் வாக்களித்துச் சட்டத்தை நிறைவேற்றின. குடியரசுத் தலைவர் புஷ் 2008 ஆகஸ்ட் 14 அன்று ஒப்பமிட்டார்.

நோக்கத்தில் பிழை காண எவருக்கும் உரிமையில்லை. குழந்தையின் குருதியில் ஈயம் இவ்வளவு வரை தீங்கு செய்யாது என்று வரம்பு கட்ட மருத்துவத்தால் இயலவில்லை. மிகச் சிறிய அளவும் வளரும் மூளையைத் தாக்கும். தாக்கியபின் மீட்க வழியில்லை. ஆகவே, 12 வயது வரையிலான குழந்தைகளுக்கென ஆக்கிய பொருளின் எப்பகுதியிலும் ஈயம் பத்து லட்சம் பங்கில் 600 பங்குக்கு மேல் இருத்தலாகாது, ஆறு மாதம் கழித்து 300-க்கு மேல் ஆகாது, 2011 ஆகஸ்ட் 14 முதல் 100-க்கு மேல் ஆகாது என்று படிப்படியாக இறுக்கினார்கள். நெகிழியை இளக்கும் தாலேட்டு வேதிப்பொருள்கள் சிலவற்றுக்கும் 0.1 விழுக்காடு எனத் தடை விதித்தார்கள். தொழிற்சாலையை நோக்கி நீட்டிய சுட்டுவிரலாகவே இவ்விதிகளைப் பொதுமக்கள் கண்டனர்.

ஆனால் சட்டம் எழுதியோர் பொருள் செய்யப்பட்ட நாளைக் கணக்கிற் கொள்ளவில்லை. விற்கும் நாளையே கொண்டனர். பத்தாண்டுக்கு முன் தைத்த சட்டையும் பிப்ரவரி 10-க்குப்பின் விற்றால் அவ்வரம்புக்குள் வந்தாக வேண்டும். ஈய வரம்பு கிடங்கில் ஏற்கெனவே உள்ள சரக்குக்கும் செல்லும் என்று ஆணையத்தின் தலைமைச் சட்ட அலுவலர் 2008 செப்டம்பரிலேயே எழுத்தில் கருத்துரைத்தார். தாலேட்டு வரம்பு அவ்வாறு பின்னோக்கிச் செல்லாது என்று ஆணையம் கருதியிருந்தது. சட்டம் நடைமுறைக்கு வர ஐந்தே நாள் இருக்கையில், பிப்ரவரி 5 அன்று, நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அக்கருத்தையும் தள்ளிவிட்டது. எழுதிய சட்டத்தைப் படித்துத் தீர்ப்பளித்த நீதிபதியைக் குறைசொல்ல இடமில்லை. எழுதியவர்களே பதில் சொல்ல வேண்டும்.

அச்சம் பரவியதும் ஆணையம் ஜனவரி 8 அன்று விளக்கம் வெளியிட்டது. பழம்பொருள் விற்போர் தம் சரக்கைச் சோதனை செய்யத் தேவையில்லை என்றது அவ்விளக்கம். ஆயினும் வரம்பை மீறிய பொருளை அவர்கள் விற்கக் கூடாது, ஈயம் இருக்கக்கூடும் எனத் தோன்றும் பொருள்களைத் தவிர்ப்பது நல்லது, மீறி விற்றால் உரிமையியல் தண்டமும் குற்றவியல் தண்டனையும் நேரலாம் என்று அதே மூச்சில் சேர்த்தது. சோதிக்க வேண்டாம், ஆனால் தவறினால் தண்டனை உண்டு என்னும் அறிவுரையைக் கேட்டு நடப்பது எப்படி? அதே சட்டம் தண்டத் தொகையையும் ஏற்றியிருந்தது: ஒரு மீறலுக்கு 8,000 டாலராக இருந்த உச்சம் 1 லட்சம் டாலராயிற்று, தொடர் மீறலுக்கு 18 லட்சத்து 25 ஆயிரமாக இருந்தது 1 கோடியே 50 லட்சமாயிற்று. தேவாலயத்தின் அடித்தளத்தில் வாரம் இருமுறை திறக்கும் பழந்துணிக் கடைக்கும், கோடிக்கணக்கில் பொம்மை இறக்கும் குழுமத்துக்கும் ஒரே தண்ட அட்டவணை.

அக்கடையின் மேசைக்கு ஒருகணம் சென்று பார்ப்போம். கொடையாக வந்த பெட்டியைத் தன்னார்வலர் ஒருவர் பிரிக்கிறார். மேலே ஒரு சிறுமியின் நீலநிற மேலங்கி. கழுத்துச் சீட்டு வெட்டப்பட்டிருக்கிறது. யார் செய்தது, எந்த ஆண்டில் செய்தது என்பதற்குத் தடயமில்லை. துணியில் ஈயம் இராது. ஜிப்பின் பற்கள் எந்த உலோகம்? அழுத்துப் பொத்தானின் மேற்பூச்சு எது? நெஞ்சுப் பகுதியில் ஒட்டியிருக்கும் பளிங்குக் கற்கள் ஒளிர்வதற்கே அவற்றில் ஈயம் கலப்பதுண்டு. அடியில் ஒரு சிறு மிதிவண்டி. அதன் சக்கரத்தில் காற்றடிக்கும் பித்தளை வாயிலும் ஈயம் இருக்கும். கடைசலுக்கு எளிதாகும் என்று பித்தளையில் சிறிது சேர்ப்பது வழக்கம். ஒரு படப் புத்தகம். அச்சிட்ட ஆண்டு 1985-க்கு முன்னா, பின்னா என்று புரட்டிப் பார்க்க வேண்டும். முற்காலத்து மைகள் சிலவற்றில் ஈயம் இருந்தமையால் 1985-ஐ எல்லைக்கோடாக ஆணையம் வகுத்தது. ஊடுகதிர் கொண்டு உலோகத்தின் சேர்க்கையை நொடியில் காட்டும் கைக்கருவி உண்டுதான். அதன் விலை பல்லாயிரம் டாலர். மேலங்கியின் விலையோ இரண்டு, மூன்று டாலர். ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஜிப்புக்கு ஒரு கட்டணம், பொத்தானுக்கு ஒரு கட்டணம், கல்லுக்கு ஒரு கட்டணம். தொழிற்சாலையில் ஒரு மாதிரியைச் சோதித்து ஓரிலட்சம் சட்டைகளுக்குச் சான்றிதழ் பெறலாம். பழம்பொருள் கடையிலோ ஒவ்வொரு பொருளும் தனிப் பொருள். புதுப் பொருளுக்கான விதி இங்கே பொருந்தாமற் போனதற்கு வேர் இதுவே.

துணி, மரம், 1985-க்குப் பிந்திய புத்தகம் ஆகியவை தொடர்பில் நடவடிக்கை எடுப்பதில்லை என்று ஆணையம் பிப்ரவரி 6 அன்று அறிவித்தது. நான்கு நாள் முன்னதாக வந்த ஆறுதல்! ஜிப்பையும் பொத்தானையும் பற்றி அதில் தெளிவில்லை. நூலகங்கள், தம் குழந்தைப் பிரிவின் பழைய நூல்களை என்செய்வது என்று திகைத்தன. கையால் பொம்மை செய்து விற்றுப் பிழைக்கும் சிறு தொழிலாளரின் துன்பம் தனிக்கதை. அதை இங்கே விரிக்கவில்லை.

இன்னொரு செய்தியையும் பதிவு செய்தாக வேண்டும். எந்தக் குழுமத்தின் பொம்மைகள் இச்சட்டத்துக்குக் காரணமாயினவோ, அந்த மாட்டெல் குழுமம் தன் சொந்த ஆய்வகங்களிலேயே தன் பொருள்களைச் சோதித்துச் சான்றளிக்க 2009-இல் ஆணையத்திடம் ஒப்புதல் பெற்றது. சட்டம் அதற்கு வழி வைத்திருந்தது, விதிக்குட்பட்டே நடந்தது. 2007-ஆம் ஆண்டுப் பிழைக்காக அக்குழுமம் கட்டிய தண்டம் 23 லட்சம் டாலர். ஆய்வகம் உடையவன் தன்னையே சோதித்துக்கொள்ளலாம். ஆய்வகம் இல்லாதவள் தன் கடையின் ஒரு பகுதியை மூட வேண்டும். எந்தச் சுமையும் தாங்க வல்லவன்மீது இலகுவாகவும் தாங்க மாட்டாதவன்மீது கனமாகவும் இறங்கும்படி விதி எழுதுவது ஆட்சிக்கு இழுக்கு.

அது எந்த ஆண்டு என்பதையும் மறத்தலாகாது. வங்கிகள் சரிந்து, வேலையின்மை 8 விழுக்காட்டைத் தாண்டிய குளிர்காலம் அது. வழக்கமாகப் புதுத்துணி வாங்கும் குடும்பங்களும் பழம்பொருள் அங்காடிகளின் வாயிலை நாடத் தொடங்கிய நேரம். ஆண்டுக்கு இரண்டு அளவு வளரும் பிள்ளைக்கு ஒரு பருவம் மட்டுமே பயன்படும் மேலங்கியைப் புதிதாக வாங்குவது எல்லோர்க்கும் இயல்வதன்று. அக்கடைகளின் வருவாயும் பெரும்பாலும் அறப்பணிக்கே செல்வது. சால்வேஷன் ஆர்மி என்னும் அமைப்பு போதைக்கு அடிமையானோரின் மறுவாழ்வு இல்லங்களை நடத்துவது தன் பழம்பொருள் கடைகளின் வருவாயைக் கொண்டே. ஜிப்பில் இருந்திருக்கக்கூடிய ஈயத்தை அப்பிள்ளை நக்கி விழுங்கியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. குளிர் ஐயத்துக்குரியதன்று. சட்டமன்றத்தில் இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, பழம்பொருள்களை விதியிலிருந்து முற்றிலும் விலக்கிவிடலாமே என்று ஒருவர் முடிவு செய்தால் அது பெருந்தவறு. வரலாற்றின் மறுபக்கம் கொடியது.

1998 மே மாதம் சிகாகோவில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் வீட்டில், டேனி கைசர் என்னும் சிறு குழந்தை இறந்தது. அது படுத்திருந்த மடக்குக் கட்டிலின் மேற்கம்பிகள் நடுவில் மடிந்து, கூரிய கோணமாகச் சரிந்து, கழுத்தை இறுக்கிவிட்டன. அந்த மாதிரிக் கட்டில் 1993-ஆம் ஆண்டிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஐந்தாண்டுக்குப்பின்னும் அது ஒரு வீட்டில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அம்மாதிரிக் கட்டிலால் இறந்த ஐந்தாம் குழந்தை டேனி. கட்டிலைப் பயன்படுத்தியவர் கவனமற்றவர் அல்லர்; திரும்பப் பெற்ற செய்தி அவரை எட்டியதேயில்லை. மறு ஆண்டில் ஆணையம் நாடெங்கும் பழம்பொருள் கடைகளில் ஆய்வு நடத்தியபோது, 69 விழுக்காட்டுக் கடைகளில் ஆபத்தான பொருள் ஏதேனும் ஒன்றாவது விற்பனைக்கு இருந்தது. கழுத்தைச் சுற்றி நாடா கோத்த குழந்தை மேலங்கிகள் அவற்றுள் பெரும்பான்மை. அந்நாடா சறுக்குமரத்தில் சிக்கிப் பிள்ளைகள் மாண்டதுண்டு.

பக்கத்தடுப்பை இறக்கி ஏற்றும் குழந்தைக் கட்டில்களின் கதையும் இத்தகையதே. நம் வீட்டுத் தூளியோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாற்புறமும் கம்பி அடைத்து, ஒரு பக்கம் மட்டும் தாழும்படி அமைத்த மரக்கட்டில்கள் அவை. அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியவை. தாழும் பக்கத்தைத் தாங்கும் நெகிழிக் கொளுவி நாளடைவில் தேயும், உடையும். ஒரு வீட்டில் கழற்றி மறு வீட்டில் பூட்டும்போது ஒரு திருகாணி குறையும். வேறொன்றை முடுக்கி ஒப்பேற்றுவார்கள். செயல்முறைத் தாள் முதல் வீட்டோடு போயிருக்கும். பக்கம் சற்றே கழன்று மெத்தைக்கும் தடுப்புக்கும் இடையே இடைவெளி விழும். அவ்விடைவெளியில் குழந்தை வழுக்கி மூச்சடைக்கும். 2000-ஆம் ஆண்டுக்குப்பின் குறைந்தது 32 குழந்தைகள் இவ்வகைக் கட்டில்களில் இறந்தனர். 2007-க்குப்பின் சில ஆண்டுகளில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன.

இங்கேதான் வேறுபாட்டைக் காண வேண்டும். ஜிப்பின் உலோகத்தில் உள்ள ஈயம், அம்மேலங்கி மூன்றாம் குழந்தைக்குப் போவதால் கூடுவதில்லை. கட்டிலின் ஆபத்தோ ஒவ்வொரு கைமாற்றத்திலும் கூடுகிறது. பழையதாதலே அங்கே நோய். இவ்விரண்டுக்கும் ஒரே விதி எழுதுவது, காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே மருந்து கொடுப்பதற்கு நிகர். ஈயத்துக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. பித்தளையில் உறைந்துள்ள ஈயம் எளிதில் வெளிப்படாது. பொம்மையின் மேற்பூச்சிலுள்ள ஈயம் பழகப் பழக உரிந்து விரலுக்கும் வாய்க்கும் வரும். மலிவு உலோக நகையிலுள்ள ஈயத்தைக் குழந்தை விழுங்கினால் மினியாபொலிஸ் மீண்டும் நிகழும். 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வேறுபாடுகளைக் காண மறுத்தது. எல்லாவற்றையும் தடுத்தால் எதுவும் தப்பாது என்னும் எண்ணம், உரத்துக் குரல் எழும் நாள்களில் அவைகளுக்கு எளிதில் வாய்த்துவிடுகிறது.

2011 ஆகஸ்ட் 12 அன்று ஒபாமா ஒப்பமிட்ட திருத்தச் சட்டம் இவ்வேறுபாட்டை ஒப்புக்கொண்டது. பயன்படுத்திய குழந்தைப் பொருள்களுக்கு ஈய அளவு வரம்பு செல்லாது என்று அது விலக்களித்தது. விலக்குக்கு விலக்காக மூன்றை நிறுத்தியது: ஈயச் சாயம் பூசியவை, குழந்தைகளின் உலோக நகைகள், வரம்பு மீறியது என்று விற்பவரோ கொடுப்பவரோ உண்மையில் அறிந்திருந்தவை. சாதாரணப் புத்தகங்களும் ஈய வரம்பிலிருந்து விடுபட்டன. கீழவையில் வாக்கு 421-க்கு 2. 100 பங்கு என்னும் கடைசி வரம்பு நடைமுறைக்கு வர இரண்டு நாளே எஞ்சியிருந்தது. முடிச்சைப் போட்டபோதும் ஏறக்குறைய ஒருமனம். அவிழ்த்தபோதும் ஏறக்குறைய ஒருமனம். இடையில் மூன்றாண்டு. முதல் வாக்கெடுப்பின்போது பழம்பொருள் கடைக்காரர் ஒருவரை அழைத்து, நாளை உங்கள் மேசையில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தால் அம்மூன்றாண்டுத் துன்பம் நேர்ந்திராது. எதிர்ப்பே இல்லாத சட்டத்தை எவரும் ஊன்றிப் படிப்பதில்லை என்பதற்கு இது சான்று.

அதே 2011-இல், ஜூன் 28 அன்று, கட்டில்களுக்கான புதிய தரவிதி நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் பெரிதும் மாறாதிருந்த தரம் அன்று மாறியது. பக்கம் தாழும் கட்டிலைச் செய்வதும் விற்பதும் குற்றமாயின. பழையதை மறுவிற்பனை செய்வதும் வாடகைக்கு விடுவதும் அவ்வாறே. குழந்தைக் காப்பகங்களும் விடுதிகளும் 2012 டிசம்பர் 28-க்குள் தம் கட்டில்களை மாற்றியாக வேண்டும் என்று ஓர் இடைக்காலம் கொடுத்தார்கள். ஈய விதியில் பழம்பொருளுக்கு விலக்கு, கட்டில் விதியில் பழம்பொருளுக்கும் தடை. மேலோட்டமாகப் பார்ப்பவர் இதை முரண் என்பர். முறையும் அறிவும் இதுவே என்பது நம் துணிபு.

ஆயினும் அத்தடை செலவின்றி வரவில்லை. நான்கைந்து குழந்தைகளை வைத்துத் தன் வீட்டிலேயே காப்பகம் நடத்தும் பெண், நான்கைந்து புதுக் கட்டில்களுக்குப் பணம் தேடினாள். தடையின் பயனைப் பெறுவது நாட்டின் குழந்தைகள் எல்லோரும். விலையைக் கொடுப்பது அவள் ஒருத்தி. ஏழைத் தாய்க்குக் கொடுக்கவென அறநிலையங்கள் சேர்த்து வைத்த கட்டில்களும் வீணாயின. கட்டில் இல்லாத வீட்டில் குழந்தை சோபாவிலோ பெரியோரின் மெத்தையிலோ படுக்கும். அங்கும் மூச்சடைப்பு நேர்வதுண்டு. தடைவிதிக்கும் அரசு, தடையால் வெற்றிடமாகும் தரையில் எதை வைப்பது என்பதையும் அதே ஆணையில் சொல்லக் கடமைப்பட்டது. பழைய கட்டிலை ஒப்படைப்போர்க்குப் புதுக் கட்டிலில் ஒரு பங்குத் தொகை கொடுக்கும் திட்டம், அதுவும் உற்பத்தியாளரின் செலவில், அன்றே வந்திருக்க வேண்டும்.

உற்பத்தியாளரின் செலவு என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரும்பப் பெறும் அறிவிப்புகள் பெரும்பாலும் முதலில் வாங்கியவரை எண்ணியே எழுதப்படுகின்றன. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ராக் அண்ட் ப்ளே என்னும் சாய்வுத் தூங்கியைக் கொள்வோம். 2019 ஏப்ரல் 12 அன்று 47 லட்சம் தூங்கிகள் திரும்பப் பெறப்பட்டன. சாய்வான படுக்கையில் குழந்தையின் தலை முன்சாய்ந்தோ, புரண்டு படுத்தோ மூச்சடைத்த முப்பதுக்கு மேற்பட்ட இறப்புகளுக்குப்பின் அது நிகழ்ந்தது. முழுப் பணமும் யாருக்குத் திரும்பக் கிடைத்தது? அறிவிப்புக்கு முந்திய ஆறு மாதத்துக்குள் வாங்கியவர்க்கு. அதற்கு முன் வாங்கியவர்க்குப் பணமில்லை. அதே நிறுவனத்தின் வேறு பொருளுக்கு ஒரு சீட்டு. வீட்டுமுற்றத்து விற்பனையில் இருபது டாலர் கொடுத்து வாங்கிய ஒரு தாய், தன் குழந்தை நன்றாகத் தூங்குகிறதே என்று அதை வைத்திருக்கவே விழைவாள். தூக்கி எறிய அவளுக்கு ஊக்கம் தந்தவர் எவருமில்லை. விளைவு கண்முன் உள்ளது. 2023 ஜனவரியில் ஆணையம் அதே அறிவிப்பை மீண்டும் வெளியிட நேர்ந்தது. அப்போது கணக்கில் வந்த இறப்புகள் ஏறத்தாழ நூறு. அவற்றுள் குறைந்தது எட்டு, திரும்பப் பெற்றதற்குப் பின் நிகழ்ந்தவை.

அந்த எட்டு இறப்புகளுக்கு முன்னால் 2009-ஆம் ஆண்டின் ஜிப்பும் பொத்தானும் எவ்வளவு அற்பமானவை! பத்துப் பாகைக்கு மேல் சாய்ந்த தூங்கிகளைச் செய்வதையும் விற்பதையும் தடைசெய்யும் சட்டம் 2022 மே மாதத்தில் வந்துவிட்டது. திரும்பப் பெற்ற எப்பொருளையும், புதிதோ பழையதோ, விற்பது குற்றம் என்பது 2008-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. அச்சட்டத்தின் மிக நல்ல பிரிவுகளுள் அதுவும் ஒன்று. ஆனால் அத்தூங்கி இன்று தேவாலயக் கடையில் இராது. அங்குள்ள தன்னார்வலர் ஆணையத்தின் கையேட்டைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார். தூங்கி இணையச் சந்தையில் இருக்கும். முகநூலின் விற்பனைப் பகுதி போன்றவற்றில் திரும்பப் பெற்ற தூங்கிகள் மீண்டும் மீண்டும் தோன்றுவதையும், ஆணையம் நீக்கச் சொல்லி எழுதிக்கொண்டே இருப்பதையும் அந்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களே வெளிப்படையாகக் கண்டித்துள்ளனர். நீக்கிய மறுநாள் வேறொரு பெயரில் வேறொருவர் இடுகிறார். விற்கும் தனியாள் பெரும்பாலும் அறியாதவர். தம் பிள்ளைக்கு ஒன்றும் நேரவில்லையே என்பதே அவர் சான்று. இடம் கொடுத்துக் கோடிகளை ஈட்டும் நிறுவனமோ, நாங்கள் விற்பவர் அல்லேம், சந்தைத் திடலின் உரிமையாளர் மட்டுமே என்கிறது. இரண்டு டாலர் மேலங்கிக்கு அன்று காட்டிய கடுமையில் பத்தில் ஒரு பங்கை இத்திடலுக்கு இன்னும் எவரும் காட்டவில்லை.

கருவிகள் இல்லாமல் இல்லை. டேனி கைசரின் பெயரால் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் ஒரு பிரிவு அமைந்தது. அதன்படி கட்டில், உயர்நாற்காலி, தள்ளுவண்டி போன்ற நீடித்துழைக்கும் குழந்தைப் பொருள் ஒவ்வொன்றோடும் அஞ்சற்கட்டணம் செலுத்திய பதிவட்டை வர வேண்டும். செய்தவர் பெயர், மாதிரி எண், செய்த நாள் ஆகியவை அழியாவண்ணம் பொருளின் மேலேயே பொறிக்கப்பட வேண்டும். பதிவட்டை முதல் வீட்டோடு நின்றுவிடுகிறது. பொறிப்போ பொருளோடு மூன்றாம் வீடு, நான்காம் வீடு வரை செல்கிறது. பழம்பொருளுக்கென்றே அமைந்த பாதுகாப்பு ஒன்று உண்டென்றால் அது இப்பொறிப்புத்தான். அதைப் பயன்கொள்ளும் ஏற்பாடு மட்டும் அரைகுறையாய் நிற்கிறது.

குழந்தை தூங்கும் பொருள் எதையும் இணையச் சந்தையில் இடுவோர் அப்பொறிப்பின் மாதிரி எண்ணையும் செய்த நாளையும் நிரப்பாமல் விளம்பரம் ஏறக் கூடாது என்று சட்டம் சொல்லலாம். நிரப்பிய எண்ணை ஆணையத்தின் பட்டியலோடு ஒப்பிடுவது சந்தை நடத்தும் நிறுவனத்தின் கடமையாகட்டும். தவறினால், தேவாலயக் கடையை அன்று அச்சுறுத்திய அதே 1 லட்சம் டாலர் தண்டம் அந்நிறுவனத்தைச் சேரட்டும். கைமாறிய பொருளைத் தன் புதிய முகவரியில் பதிந்துகொள்ள, முதல் உரிமையாளரின் இசைவைக் கேட்காத வழியொன்றை உற்பத்தியாளர் திறந்து வைக்க வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையாக, திரும்பப் பெறும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் ஆணையம் ஒரு வரியை வலியுறுத்த வேண்டும்: பொருள் இன்று யார் கையில் உள்ளதோ அவருக்கு, பற்றுச்சீட்டு கேட்காமல், வாங்கிய நாள் கேட்காமல், அதன் முழு விலையும் பணமாகத் தரப்பட வேண்டும்.